மூட்டை மாறலாம்... காய் மாறக் கூடாது!

போடிநாயக்கனூரில் விடியற்காலை என்றால் ஜீப் சத்தம்தான். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாக போடிமெட்டு ஏறும். பூப்பாறை, நெடுங்கண்டம், உடும்பன்சோலை பக்கம் போய் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடும். சாயங்காலம் அதே ஜீப்புகள் திரும்பி இறங்கும். மலையில் பறித்த காய் பச்சைக் காய். அதை அப்படியே மூட்டை கட்டி வைத்தால் அழுகிப் போகும். எனவே 'ஸ்டோர்' என்று சொல்லப்படும் உலர்த்தும் கூடத்தில் மிதமான சூட்டில் ஒரு நாள், ஒன்றரை நாள் காய வைப்பார்கள். ஐந்து கிலோ பச்சைக் காய் உள்ளே போனால், சுமார் ஒரு கிலோ உலர்ந்த காய் வெளியே வரும். மீதி நான்கு கிலோ? பெரும்பாலும் தண்ணீர். ஆவியாகிவிட்டது.

அந்த ஒரு கிலோவைத்தான் சல்லடையில் சலித்து, எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று தரம் பிரித்து, உள்ளே கறுப்பு பாலிதீன் போட்ட சாக்கில் கட்டி, ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். பாயசத்தில் விழுவது அந்தக் காய்தான். வாசனைக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்று. உலர்ந்த காயைத் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி செடியில் இருந்த பச்சைக் காயாக்க முடியுமா? ம்ஹூம். போனது போனதுதான்.

'இந்த வாரம் சினிமா டிவிடியைப் பற்றி எழுதுகிறேன் என்றீரே, ஏலக்காயை எதற்கு உரித்துக்கொண்டு இருக்கிறீர்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. விஷயம் இருக்கிறது. வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் அந்த வட்டத் தகடுகளை, தரம் துளிகூடக் குறையாமல் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைப்பது எப்படி என்பதுதான் கேள்வி. இதற்கு அமெரிக்கக் கோர்ட்டு முதல் நார்வே கோர்ட்டு வரை பல வருடங்கள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் விஷயத்தின் சூட்சுமம் போடி ஏலக்காய் ஸ்டோரிலேயே இருக்கிறது!

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பி.காம். படித்தவனுக்குக் கணக்கு போடாமல் தூக்கம் வராது. டிவிடியில் ஒரு படச் சட்டத்தில் 720-க்கு 576 புள்ளிகள். நொடிக்கு 25 சட்டங்கள். இரண்டரை மணி நேரப் படத்தை எந்தச் சுருக்கமும் செய்யாமல் அப்படியே எழுதி வைத்தால், சுமார் 140 ஜிபி இடம் வேண்டும். ஆனால் இரண்டு அடுக்கு டிவிடியின் மொத்தக் கொள்ளளவே 8.5 ஜிபிதான். ஆக, ஏழு ஜிபிக்குள் படத்தை அடக்கியாக வேண்டும். இருபதுக்கு ஒன்று! ஏலக்காயாவது ஐந்துக்கு ஒன்று.

இந்த மாயத்தைச் செய்வதற்குப் பெயர் எம்பெக்-2. கதாநாயகன் பேசும்போது பின்னால் இருக்கும் சுவர் நகரவா போகிறது? ஒரு தடவை எழுதினால் போதும், அடுத்த சட்டத்தில் 'மேற்படி' என்று போட்டுவிடலாம். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கமான நிற வேறுபாடுகளா? தூக்கிவிடலாம். இப்படித் தண்ணீரை ஆவியாக்கிவிட்டு, பார்க்கிறவனுக்கு வாசனை குறையாமல் கொடுப்பதுதான் டிவிடி. உங்கள் கையில் இருக்கும் தகடே உலர்ந்த காய்தான். இதை மனதில் போட்டு வையுங்கள். பின்னால் உதவும்.

*

'எதுக்கு சார் இந்த வம்பு? எல்லாப் படமும்தான் டிவியில போடுறான், போன்ல வருது' என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் 'கீசக வதம்'. மோட்டார் உதிரி பாகங்கள் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஆர். நடராஜ முதலியார், சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஸ்டுடியோ போட்டு எடுத்தார். 1910-களின் கடைசியில் வெளியானது. அந்தப் படத்தை இன்றைக்குப் பார்க்க வேண்டுமா? முடியாது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்'. எச்.எம். ரெட்டி இயக்கத்தில் டி.பி. ராஜலட்சுமி நடித்து 1931 அக்டோபர் 31-ம் தேதி வெளியானது. ஜனம் திரண்டு வந்து பார்த்த படம். அதுவும் இல்லை. சில புகைப்படங்கள், விளம்பரங்கள்தான் மிச்சம். ஒரு மொழி முதன்முதலில் வெள்ளித்திரையில் வாய் திறந்து பேசிய பேச்சு... அந்த மொழிக்காரர்கள் யாரும் இனி கேட்கவே முடியாது.

இந்தியாவில் 1,300 மௌனப் படங்களுக்கு மேல் எடுத்ததாகக் கணக்கு. தேறியது சில டஜன்கூட இல்லை. ஏன்? அந்தக் கால பிலிம் நைட்ரேட். சட்டென்று தீப்பிடிக்கும். வைத்திருந்தால் இளகிப் பொடியாகும். அதைவிடக் கொடுமை, பிலிமில் வெள்ளி இருந்தது. ஓடி முடிந்த படத்தைக் கரைத்து வெள்ளி எடுத்து விற்றுவிட்டார்கள். தயாரிப்பாளருக்கு அது குப்பை, காயலான் கடைக்காரருக்கு அது காசு. 1964-ல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. அங்கே பி.கே. நாயர் என்ற மனிதர் ஊர் ஊராக அலைந்து டப்பா டப்பாவாகச் சேர்த்தார். அவர் இல்லையென்றால் இன்னும் எவ்வளவோ போயிருக்கும். அப்படிச் சேர்த்ததிலும் விதி விளையாடியது. 2003 ஜனவரியில் புனேயில் ஏற்பட்ட தீ விபத்தில் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாகச் சாம்பலாயின.

சரி, அதெல்லாம் தாத்தா காலம் என்று தள்ளிவிடலாமா? பாலுமகேந்திராவின் 'வீடு' 1988-ல் வந்த படம். தேசிய விருது வாங்கிய படம். அடுத்து வந்த 'சந்தியா ராகம்'. இந்த இரண்டின் நெகட்டிவும் இப்போது இல்லை என்று அவரே வருத்தப்பட்டுச் சொன்னார். தமிழ்நாட்டுக்கென்று ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2014 பிப்ரவரியில் காலமானார். ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டப் படும் பாட்டைப் படமெடுத்தவர், தன் படத்துக்கு ஒரு வீடு கிடைக்காமல் போய்ச் சேர்ந்தார்.

இங்கேதான் உங்கள் அலமாரித் தகடு முக்கியமாகிறது. நெகட்டிவ் நன்றாக இருந்தால் பிரச்னை இல்லை. 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தை டிஜிட்டலில் சீர்செய்து 2012-ல் மறுபடி வெளியிட்டார்களே, புதுப் படம் போல ஓடியது! ஆனால் நெகட்டிவ் காணாமல் போன படங்களுக்கு? என்றைக்கோ ஒரு கம்பெனி போட்ட டிவிடியோ, விசிடியோதான் பொதுஜனம் கையில் இருக்கும் ஒரே பிரதி என்றுகூட ஆகலாம். அந்தக் கம்பெனியும் மூடியிருக்கும்.

*

தமிழன் வீட்டுக்குள் சினிமா நுழைந்த வழி சுவாரஸ்யமானது. முதலில் வந்தது 'டெக்'. எண்பதுகளில் ஊரில் ஒரு விசேஷம் என்றால் கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். திண்ணையில் பாய் விரித்து, பாதிப்பேர் இரண்டாவது படத்தில் தூங்கிவிடுவார்கள். கேசட் என்பது காந்த நாடா. ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு எடுத்தால் படம் மங்கும். அதிலிருந்து இன்னொன்று எடுத்தால் இன்னும் மங்கும். கார்பன் பேப்பர் வைத்து எழுதிய நாலாவது காப்பி மாதிரி. கடைசியில் எம்.ஜி.ஆரா, நம்பியாரா என்று கத்திச் சண்டையில் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து விசிடி. 1993-ல் தரம் வகுக்கப்பட்ட சமாச்சாரம். அமெரிக்காக்காரன் அதைச் சட்டையே செய்யவில்லை. ஆனால் ஆசியா தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஒரு தகட்டில் சுமார் 74 முதல் 80 நிமிடம். நம் படமோ இரண்டரை மணி. ஆகவே இரண்டு தகடு, சில சமயம் மூன்று. இடைவேளையில் எழுந்து தகடு மாற்றுவதற்கென்றே வீட்டில் ஒரு பையன் இருப்பான். 2006-ல் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்ததும், அதுவரை டிவி இல்லாத வீடுகளிலும் ஒரு சைனா விசிடி பிளேயர் வந்து உட்கார்ந்தது.

பிறகு டிவிடி. ஜப்பானில் 1996 கடைசியில் அறிமுகமாகி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் தெருவுக்கு வந்தது. ஒரிஜினல் விலை அதிகம். திருட்டுத் தகடு பஸ் ஸ்டாண்டு பக்கமே கிடைத்தது. 'ஒரே டிவிடியில் மூணு படம்' என்று கூவி விற்றார்கள். இருபதுக்கு ஒன்று சுருக்கியதை இன்னும் மூன்று மடங்கு சுருக்கினால் என்ன ஆகும்? முகம் சதுரம் சதுரமாக உடைந்து தெரியும். 2004-ல் தமிழக அரசு, குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருடர்களைச் சேர்த்தது. கள்ளச் சாராயக்காரன், நில அபகரிப்புக்காரன் வரிசையில் சிடிக்காரனும்!

2007-ல் மோசர்பேர் என்ற கம்பெனி ஒரு காரியம் செய்தது. உலக அளவில் வெற்றுத் தகடு தயாரித்துக்கொண்டிருந்த கம்பெனி அது. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று ஒரிஜினலையே திருட்டு விலைக்குக் கொண்டுவந்தது. பழைய தமிழ்ப் படங்கள் வரிசையாக மளிகைக் கடையிலும் தொங்கின. பல வீடுகளில் இன்றைக்கு மிச்சமிருக்கும் ஒரிஜினல் தகடுகள் அந்தக் காலத்தில் வாங்கியவைதான். அந்தக் கம்பெனி என்ன ஆனது? கடனில் மூழ்கி, 2018-ல் திவால் தீர்ப்பாயம் கலைக்கச் சொல்லி உத்தரவிட்டது. 2015-ல் இயக்குநர் சேரன் 'சி2எச்' என்ற பெயரில் புதுப் படத்தை நேரடியாக டிவிடியில் வீட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார். 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' அப்படித்தான் வந்தது. ஆனால் தகட்டின் காலம் அதற்குள் சரியத் தொடங்கியிருந்தது.

போடிக்காரர்களுக்கு இதை ரயிலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. 2010 கடைசியில் அகலப் பாதையாக்குகிறோம் என்று நிறுத்தினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். இடையில் பன்னிரண்டரை வருடம்! பழைய பெட்டி நன்றாகவே இருந்தாலும் புதுத் தண்டவாளத்தில் ஓடாது. டிவிடிக்கும் அதே கதி. தகடு நன்றாக இருக்கும், போட்டுப் பார்க்க பிளேயர் இருக்காது. இப்போது வரும் லேப்டாப்களில் தகடு செருகும் வாயே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் கம்பெனியே தபாலில் டிவிடி அனுப்பித்தான் வளர்ந்தது. 2023 செப்டம்பரில் அந்தச் சேவைக்கு மூடுவிழா நடத்திவிட்டது.

*

சரி, மாற்றி வைத்துவிடலாம் என்றால் பூட்டு குறுக்கே வருகிறது.

டிவிடியைக் கண்டுபிடித்தவர்கள் கூடவே ஒரு பூட்டையும் போட்டார்கள். சிஎஸ்எஸ் என்று பெயர். தகட்டில் இருக்கும் படம் குழப்பியடித்து எழுதப்பட்டிருக்கும். அனுமதி பெற்ற பிளேயர் கம்பெனிகளுக்கு மட்டும் சாவி கொடுப்பார்கள். போதாததற்கு உலகத்தையே மண்டலங்களாகப் பிரித்தார்கள். அமெரிக்கா 1, இந்தியாவும் ரஷ்யாவும் 5. அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கி வந்த டிவிடி இங்கே ஓடாமல் முறைத்ததற்கு அதுதான் காரணம்.

1999-ல் நார்வே நாட்டில் ஜான் லெக் யோஹான்சன் என்ற பதினைந்து வயதுப் பையன், முகம் தெரியாத இரண்டு பேருடன் சேர்ந்து இந்தப் பூட்டைத் திறக்கும் ஒரு சின்ன புரோகிராமை வெளியிட்டான். பெயர் டிசிஎஸ்எஸ். 'என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்கிறது. அதில் டிவிடி ஓட்ட எவனும் மென்பொருள் தரவில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய தகட்டை நான் பார்க்க வேண்டாமா?' என்பது அவன் வாதம். 2000 ஜனவரியில் போலீஸ் வீட்டுக்கு வந்தது. கேஸ் நடந்தது. 2003 ஜனவரியில் கோர்ட்டு 'நிரபராதி' என்றது. அப்பீல் போனார்கள். அதே டிசம்பரில் மறுபடியும் நிரபராதி! தான் வாங்கிய தகட்டை ஒருவன் திறந்து பார்ப்பது குற்றமில்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

அதற்குள் அமெரிக்காவில் அந்த புரோகிராமைத் தடை செய்திருந்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? வரிகளை டீஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஒருவர் அதைக் கவிதையாகவே எழுதினார்! இன்னொருவர் அந்த புரோகிராமையே ஒரு பிரம்மாண்டமான பகா எண்ணாக மாற்றிக் காட்டினார். எண்ணைத் தடை செய்ய முடியுமா, சொல்லுங்கள்?

இதில் நம் தலைப்புக்கு நேராக வருவது கெலைடஸ்கேப் வழக்கு. கலிஃபோர்னியாவில் இருந்த அந்தக் கம்பெனி பணக்காரர்களுக்கான ஒரு பெட்டி செய்தது. வாங்கிய டிவிடிகளையெல்லாம் ஒரு தடவை உள்ளே செருகினால், பூட்டைக்கூட உடைக்காமல் அப்படியே அச்சு அசலாக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொள்ளும். பிறகு வீட்டில் எந்த அறையிலும் பார்க்கலாம். விலை பல ஆயிரம் டாலர். அதை வாங்குகிறவன் திருட்டு டிவிடி விற்கப் போவதில்லை. ஆனாலும் டிவிடி பூட்டு சங்கம் 2004-ல் வழக்கு போட்டது. 2007-ல் கம்பெனி ஜெயித்தது. 2009-ல் அப்பீலில் தீர்ப்பு திரும்பியது. 2012-ல் விற்கக் கூடாது என்று தடை. 2014-ல் சமரசம். பத்து வருட வழக்கு!

ரியல் நெட்வொர்க்ஸ் கம்பெனி 2008-ல் ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக முப்பது டாலருக்கு ஒரு மென்பொருள் விட்டது. உடனே வழக்கு. 2009-ல் தடை. அந்த நீதிபதி சொன்னதன் சாரம் வேடிக்கையானது: சொந்த டிவிடிக்கு ஒருவர் தன் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி வைத்துக்கொள்வது நியாயமான உபயோகமாகவே இருக்கலாம், ஆனால் அதற்கான கருவியைத் தயாரித்து விற்பதைச் சட்டம் தடுக்கிறது! சாப்பிடலாம், ஆனால் அடுப்பு விற்கக் கூடாது. அந்தக் கம்பெனி 45 லட்சம் டாலர் வழக்குச் செலவு கொடுத்துக் கும்பிடு போட்டது. இங்கிலாந்தில் 2014 அக்டோபரில் சொந்தக் காப்பி எடுக்கலாம் என்று சட்டம் வந்தது. 2015 ஜூலையில் கோர்ட்டு அதை ரத்து செய்துவிட்டது. பத்தே மாத சந்தோஷம்.

நம் நாட்டில்? ஆச்சரியம், நம் சட்டம் கொஞ்சம் நிதானமாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 65-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை. ஆனால் எந்தப் பூட்டை உடைத்தாலும் அல்ல. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான். அந்தச் சட்டத்திலேயே 52-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்குமான நியாயமான பயன்பாடு உரிமை மீறல் ஆகாது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், காசு கொடுத்து வாங்கிய தகட்டுக்கு வீட்டில் ஒரு காப்பு நகல் வைத்துக்கொள்கிறவருக்கு வலுவான வாதம் இருக்கிறது. வாடகைத் தகட்டை எடுத்து ஏற்றிக்கொள்பவருக்கும், எடுத்த நகலை நண்பர்களுக்கு விநியோகம் செய்பவருக்கும் அந்த வாதம் கிடையாது. காப்பி எடுத்த பிறகு தகட்டை விற்றுவிட்டால்? கணக்குப் புத்தகத்தில் பற்றும் வரவும் இடிக்கும். தகட்டை வைத்திருங்கள். அதுதான் உங்கள் பில்.

*

இப்போது ஸ்டோருக்குத் திரும்பலாம்.

தகட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற இரண்டு வழி. முதல் வழி, படத்தை மறுபடி சுருக்குவது. 'தரம் குறையாமல் 700 எம்பி' என்று பீற்றிக்கொள்வார்கள். 8.5 ஜிபியைப் பன்னிரண்டில் ஒரு பங்காக்கிவிட்டு, தரம் குறையவில்லை என்றால் யார் நம்புவது? ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்ப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். 'ஒருக்க காய வெச்சதே போதும்ணே. மறுக்க அடுப்பு மூட்டுனா வாசம் எங்கிட்டு இருக்கும்?' என்பார். அதுதான் பதில்.

இரண்டாவது வழி, மூட்டை மாற்றுவது. டிவிடிக்குள் படம் 'வாப்' என்ற பெயரில் ஒவ்வொன்றும் ஒரு ஜிபி அளவுள்ள துண்டுகளாக இருக்கும். தகட்டில் இருக்கும் படம், ஒலி, சப்டைட்டில், அத்தியாயப் பிரிவு எல்லாவற்றையும் ஒரு புள்ளிகூட மாற்றாமல் எடுத்து, எம்கேவி என்ற வேறொரு சாக்கில் கட்டலாம். மேக்எம்கேவி போன்ற மென்பொருள்கள் செய்வது இதைத்தான். காய் அதே காய். சாக்குதான் புதுசு. தகடு முழுவதையும் மெனுவோடு வேண்டும் என்கிறவர்கள் ஐஎஸ்ஓ பிம்பமாக எடுத்துக்கொள்ளலாம். அது சாக்கோடு சேர்த்துத் தூக்குவது.

நாலாவது கார்பன் காப்பி கதை இங்கே கிடையாது. ஒன்றும் பூஜ்யமும்தானே? நூறாவது நகலும் முதல் நகலும் ஒன்று. சந்தேகமிருந்தால் செக்சம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கோப்பு முழுவதையும் கூட்டிக் கழித்து ஒரு குறியீட்டு எண் தரும். இரண்டு நகலின் எண்ணும் ஒத்துப்போனால் இரண்டும் ஒன்றே. எங்கள் பாஷையில் சொன்னால், டிரையல் பேலன்ஸ் டாலி ஆன மாதிரி!

விசிடி இருக்கிறதே, அதுதான் தொல்லை பிடித்த பிள்ளை. சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு துண்டிலும் பிழை திருத்துவதற்கென்று தனியாகக் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருப்பார்கள். கீறல் விழுந்தாலும் கணக்கு போட்டுச் சரிசெய்துகொள்ளும். விசிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரு துண்டில் 2,048 பைட்டுக்குப் பதில் 2,324 பைட். லாபம்தான். ஆனால் கீறல் விழுந்தால் காப்பாற்ற ஆளில்லை. படம் சதுரங்களாக உடைவதும், 'சிஆர்சி எர்ரர்' என்று கம்ப்யூட்டர் பாதியில் கையை விரிப்பதும் இதனால்தான். விசிடியை ஐஎஸ்ஓவாக எடுக்காதீர்கள். அந்தக் கூடுதல் பைட்டுகள் அதில் அடங்காது. 'பின்', 'க்யூ' என்ற ஜோடிக் கோப்புகளாக எடுக்க வேண்டும். ஒரு டிரைவ் படிக்க மறுத்தால் இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு லேசர் கண்ணுக்கும் ஒவ்வொரு பார்வை.

இன்னொரு விஷயம். சாமான்யமாக எல்லோரும் தகட்டின் பளபளக்கும் பக்கத்தைத்தான் பயந்து பயந்து பிடிப்பார்கள். சிடி, விசிடியில் ஆபத்து எதிர்ப்பக்கம். தகவல் இருக்கும் உலோகப் படலம், பெயர் அச்சடித்த பக்கத்தில், ஒரு மெல்லிய வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே ஆணி கீறினால் அந்தத் தகவல் காலி. டிவிடியில் அந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவில், சாண்ட்விச் மாதிரி. கொஞ்சம் பாதுகாப்பு. ஆனால் ஒட்டிய பசை விட்டுப் போனால் அதுவும் காலி. பெரிய கம்பெனித் தகடு என்று நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. 2006 முதல் 2008 வரை தயாரான தங்கள் டிவிடிகளில் சில கெட்டுப்போகின்றன என்று வார்னர் கம்பெனியே 2025-ல் ஒப்புக்கொண்டது.

ஈரம் இன்னொரு எதிரி. ஏலக்காய்க்கு ஈரமும் நிழலும் வேண்டும். தகட்டுக்கு ஆகாது. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியை 2001-ல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை உள்ளே புகுந்து அலுமினியத்தைத் தின்று பாதை போட்டிருந்தது! மாதக்கணக்கில் மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலைத் தோட்டத்து வீட்டில் தகடு வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டிய சங்கதி.

*

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம்? யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள், இன்னும் கிடைக்கிறது. 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஒரு டிவிடிக்குச் சராசரி 6 ஜிபி என்று வைத்தாலும் 600 படங்களுக்கு மேல் கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கும் சாகும், அதனால் இரண்டு வாங்கி, ஒன்றை அண்ணன் வீட்டில் வையுங்கள். டிவியோடு இணைக்கும் கம்ப்யூட்டரில் கோடி என்ற இலவச மென்பொருளைப் போட்டால், படங்கள் போஸ்டரோடு வரிசையாக நிற்கும். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்க்க ஆர்வலர்கள் சிலர் எழுதிய மென்பொருள்தான் வளர்ந்து 2014-ல் அந்தப் பெயர் எடுத்தது.

எதை முதலில் ஏற்றுவது? இங்கேதான் நாம் தப்புச் செய்வோம். ஆசை ஆசையாக சூப்பர் ஹிட் படங்களைத்தான் முதலில் கையில் எடுப்போம். அவை எங்கேயும் போகாது. வருஷத்துக்கு நாலு தரம் டிவியில் வரும், அதைக் காப்பாற்ற ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஓடாத படம், பெயர் மறந்துபோன படம், கம்பெனி மூடிப்போன தகடு... இவற்றை முதலில் ஏற்றுங்கள். கூடவே, உங்கள் வீட்டுக் கல்யாண சிடி. அதற்கு நெகட்டிவ் எந்தக் காப்பகத்திலும் கிடையாது. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்த தகடு அது. அதில் தகவல் இருப்பது ஒரு சாயத்தில். வெயிலும் வெப்பமும் பட்டால் வெளுத்துவிடும். அச்சடித்த சினிமாத் தகட்டுக்கு முன்னால் போய்ச் சேருவது அதுதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நாம் காப்பாற்றுவது பச்சைக் காயை அல்ல, உலர்ந்த காயை. 35 எம்.எம். பிலிமில் இருந்த அழகில் பெரும்பங்கு டிவிடிக்கு வரும்போதே போய்விட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர் அதைத் திருப்பித் தராது. 4கே ஆக்குகிறேன் என்று சொல்லும் மென்பொருள் எல்லாம் உலர்ந்த காய்க்குப் பச்சைச் சாயம் பூசுகிற வேலைதான். பிலிமைக் காப்பாற்ற வேண்டியது அரசாங்கமும் தயாரிப்பாளர்களும். அவர்கள் செய்யும்வரை, செய்யாமலே போனாலும், நம் பங்குக்குக் கையில் இருப்பதை மேலும் உலர்த்தாமல் வைத்திருக்கலாம்.

1931-ல் 'காளிதாஸ்' பார்த்துவிட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வந்த யாருக்கும், இது ஒருநாள் இல்லாமல் போகும் என்று தோன்றியிருக்காது. ஒரு பிரதியை வீட்டில் எடுத்து வைக்க அவர்களுக்கு வழியும் இல்லை.

நமக்கு இருக்கிறது. தகடு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.